‘கைக்குத்தான் தெரியும்’ என்னும் சாக்கு

பழுது நீக்குபவரின் அறிவு சொல்லுக்குள் அடங்காதது என்று எழுதுவது மானுடவியல், சமூகவியல், மொழியியல் துறைகளில் இன்று ஒரு சம்பிரதாயம் ஆகிவிட்டது. ‘அது கைக்குத்தான் தெரியும்’, ‘காதால் கேட்டே கண்டுபிடித்துவிடுவார்’, ‘எழுதி வைக்க முடியாத ஞானம்’ போன்ற தொடர்கள் இல்லாமல் பட்டறை பற்றிய கட்டுரை எதுவும் கருத்தரங்க மேடை ஏறுவதில்லை. மைக்கேல் போலன்யி 1966இல் வெளியிட்ட ‘த டாசிட் டைமென்ஷன்’ நூலின் பெயரை ஓரிடத்தில் பொருத்திவிட்டால் கோட்பாட்டுக் கடமையும் தீர்ந்தது. கேட்பவர்கள் தலையசைக்கிறார்கள். தொழிலாளிக்கு மரியாதை செய்துவிட்ட நிறைவோடு எல்லோரும் தேநீர் இடைவேளைக்குக் கலைகிறார்கள்.

இந்த மரியாதை போலியானது, அதைவிட, தீங்கானது. ஓர் அறிவைச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டால் அதை எழுத வேண்டியதில்லை, மொழிபெயர்க்க வேண்டியதில்லை, எவரும் அதை வெளியிடுமாறு கேட்கவும் வேண்டியதில்லை. அறிவைப் பூட்டி வைத்திருப்பவருக்கு இதைவிட வசதியான கோட்பாடு வேறொன்று கிடைக்காது. பூட்டு இருக்கும் இடத்தில் ‘மர்மம்’ என்று பலகை மாட்டிவிட்டுப் போகிறது ஆய்வுலகம்.

இந்தக் கோட்பாட்டைச் சோதிக்க நெசவாளரிடமோ தச்சரிடமோ போவது வழக்கம். அங்கே கை கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே கோட்பாடு எளிதில் வென்றுவிடும். கை எதையும் தொட முடியாத இடத்தில் சோதிப்பதே நேர்மை. அப்படிப்பட்ட இடம் ஒன்று உண்டு: அமெரிக்க இராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் விற்கும் லாரிகளின் தானியங்கி கியர்பெட்டி.

அங்கே கிளட்ச் மிதி இல்லை. காலுக்கு எட்டும் உணர்வும் இல்லை. பல்சக்கரங்கள், கிளட்ச் தட்டுகள், ஆயில் ஓடும் நூற்றுக்கணக்கான நுண்வழிகள் எல்லாம் ஒரு வார்ப்புக் கூட்டுக்குள் மூடிக் கிடக்கின்றன. வாங்குபவரோ இராணுவப் பட்டறையில் பயின்றவர் அல்லர். விவசாயி, மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர், பழைய வண்டி ஆர்வலர், சிற்றூரின் தன்னார்வத் தீயணைப்புக் குழு என்று பலர். உபரி இராணுவ வாகனங்களைத் தீயணைப்புக் குழுக்களுக்கு அளிக்கும் திட்டம் ஒன்றை அமெரிக்க வனத்துறை நெடுங்காலமாக நடத்திவருகிறது. பின்புறத்தில் தண்ணீர்த் தொட்டி ஏற்றப்பட்ட ஐந்து டன் லாரிகள் அந்த நாட்டின் கிராமப்புறங்களில் ஒரு சாதாரணக் காட்சி. குருவும் இல்லை, குருகுலமும் இல்லை. ‘கைக்குத்தான் தெரியும்’ என்ற கோட்பாடு உண்மையானால் இந்த வண்டிகளில் பாதி களத்துமேட்டில் துருப்பிடித்துக் கிடக்க வேண்டும். ஆனால் ஓடுகின்றன. எப்படி ஓடுகின்றன என்பதைப் பார்த்தால் கோட்பாட்டின் ஓட்டை தெரியும்.

1990களில் புதுப்பிக்கப்பட்ட எம்35ஏ3 என்ற இரண்டரை டன் லாரியை எடுத்துக்கொள்ளலாம். அதில் கேட்டர்பில்லர் எஞ்சினுக்குப் பின்னால் அலிசன் நிறுவனத்தின் ஏடி வரிசையைச் சேர்ந்த நான்கு வேகத் தானியங்கிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஐந்து கிளட்ச் தொகுதிகள்: ஃபார்வர்டு, முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம். எந்தக் கியரிலும் இவற்றில் இரண்டு மட்டுமே பிடிக்கும். முதல் கியரில் ஃபார்வர்டும் முதலும். இரண்டில் ஃபார்வர்டும் இரண்டாவதும். மூன்றில் ஃபார்வர்டும் மூன்றாவதும். நான்கில் ஃபார்வர்டும் நான்காவதும். பின்னோக்கிச் செல்லும்போது நான்காவதும் முதலும்.

ஒலியனியல் முதலாம் பருவம் படித்த எவருக்கும் இந்த அட்டவணை பழக்கமானதாகத் தோன்ற வேண்டும். கியர்கள் ஒலியன்கள் என்றால் கிளட்ச்சுகள் வேறுபடுத்தும் கூறுகள். முன்னோக்கிய கியர்கள் அனைத்தும் சறுக்கி, ரிவர்ஸ் மட்டும் உறுதியாகப் பிடித்தால் பழுது ஃபார்வர்டு கிளட்ச்சில். முதல் கியரும் ரிவர்ஸும் சறுக்கி மற்றவை நன்றாக இருந்தால் பழுது முதல் கிளட்ச்சில். நான்காம் கியரும் ரிவர்ஸும் சறுக்கினால் நான்காவதில். பெட்டியைக் கழற்றவில்லை, ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. காலியான மைதானத்தில் லாரியை முன்னும் பின்னும் ஓட்டி, குறைந்தபட்ச வேற்றுமை இணைகளை ஒப்பிட்டு, உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பெயர் சொல்லிச் சுட்டிவிட முடிகிறது. யாக்கப்சன் பள்ளியினர் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். இதில் ‘கை’ எங்கே இருக்கிறது? அட்டவணை இருக்கிறது, ‘சறுக்கினால்’ என்ற நிபந்தனை இருக்கிறது, அவற்றைப் படிக்கத் தெரிந்த மனிதர் இருக்கிறார். அட்டவணை அவரிடம் இல்லையென்றால் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் அவர் ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எம்939 வரிசை ஐந்து டன் லாரிகளில் இருப்பது அலிசன் எம்டி654 என்ற ஐந்து வேகப் பெட்டி. கணினி இல்லாத காலத்துப் பெட்டி. ஆயில் அழுத்தத்தாலேயே கணக்குப் போடுகிறது. வண்டியின் வேகத்தைக் கவர்னர் அழுத்தம் தெரிவிக்கிறது. ஓட்டுநர் எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பதை மாடுலேட்டர் அழுத்தம் தெரிவிக்கிறது. வால்வுப் பெட்டியில் இரண்டும் எதிரெதிரே நின்று தள்ளுகின்றன. கவர்னர் வென்றால் அடுத்த கியர். எல்லாக் கியரும் தாமதமாக மாறுகின்றன என்று ஒருவர் முறையிட்டால் ஏதோ ஒரு கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருளில்லை. இந்த இரு செய்திகளில் ஒன்று பொய் சொல்கிறது என்று பொருள். முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்கு வெளியே இருக்கும் இணைப்பின் சரிக்கட்டலை. இந்த வரிசைமுறை தெரியாதவர் பல நூறு கிலோ எடையுள்ள பெட்டியை இறக்கிப் பிரித்துவிட்டு, உள்ளே எல்லாம் நன்றாக இருப்பதைக் கண்டு விழிப்பார்.

இன்னும் துலக்கமான சான்று 1980களின் நடுவில் இராணுவம் வாங்கிய செவர்லே எம்1008 பிக்கப். அதில் டர்போ ஹைட்ராமாடிக் 400 என்ற மூன்று வேகப் பெட்டி. அந்தப் பெட்டியின் மாடுலேட்டர் வேக்குவத்தால் இயங்குவது. பெட்ரோல் எஞ்சினில் வேக்குவம் தானாகவே கிடைக்கும். டீசல் எஞ்சினில் கிடைக்காது. ஆகவே 6.2 லிட்டர் டீசல் எஞ்சினுக்குத் தனியாக ஒரு வேக்குவம் பம்ப்பும், மிதியின் நிலைக்கேற்ப வேக்குவத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வும், இவற்றை இணைக்கும் மெல்லிய ரப்பர்க் குழாய்களும் வைத்தார்கள். முப்பது நாற்பது ஆண்டில் ரப்பர் வெடிக்கும். வேக்குவம் கசிந்தால், ஓட்டுநர் முழுவதும் மிதித்திருப்பதாகப் பெட்டி நம்பிக்கொள்ளும். ஆயில் அழுத்தத்தை ஏற்றி, கியரை மிகத் தாமதமாக, முதுகில் அறைவதுபோல மாற்றும். ‘கியர்பாக்ஸ் போய்விட்டது’ என்று வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட அது போதும். போனது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர்க் குழாய். அந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே சிவப்பு ஆயில் தெரிந்தால் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது. அதற்கும் பெட்டியைப் பிரிக்கத் தேவையில்லை.

இதை ஒருவருக்குச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? மேலே உள்ள பத்தியைப் படிக்கும் நேரம். சொல்லில் அடங்காத ஞானம் இதில் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்பதைக் கோட்பாட்டாளர்கள்தான் காட்ட வேண்டும்.

ஆயில் அளவு பார்ப்பது போன்ற சிறிய விஷயங்களும் இப்படித்தான். சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரலில், ஆயில் சூடேறிய பின் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயிலைப்போல அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும். கூடுதலாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் அதை நுரையாக்கும், நுரை அழுத்தம் தாங்காது, கிளட்ச் சறுக்கும், குறைவாக ஊற்றியதற்குரிய அதே அறிகுறி தோன்றும்.

ஒரு வாக்கியம் இல்லாததால் ஒரு பெட்டி அழிவதையும் சொல்லியாக வேண்டும். தானியங்கிப் பெட்டிக்கு மசகு கொடுக்கும் பம்ப்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. ஏலத்தில் வாங்கிய, ஸ்டார்ட் ஆகாத லாரியைப் பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் சென்றால், சக்கரங்கள் புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பெட்டியின் உட்பாகங்களைச் சுழற்றும். பம்ப் மட்டும் சுழலாது. ஆயில் இல்லாமல் உலோகம் உலோகத்தோடு உரசும். ஏலக் களத்தில் நல்ல நிலையில் இருந்த பெட்டி வீட்டு வாசலுக்கு வரும்போது இரும்புக் கழிவு ஆகியிருக்கும். இழுப்பதற்கு முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். தமிழில் ஆறு சொற்கள். இந்த அறிவை ‘உடலில் உறைவது’ என்று அழைப்பவர் அந்த ஆறு சொற்களை வாங்கியவரிடம் சொல்லாதவரின் பொறுப்பைத் துடைத்துவிடுகிறார்.

ஹாரி காலின்ஸ் 2010இல் வெளியிட்ட ‘டாசிட் அண்ட் எக்ஸ்ப்ளிசிட் நாலெட்ஜ்’ நூல் இந்தக் குழப்பத்தை என்றோ தெளிவாக்கிவிட்டது. உள்ளுறை அறிவு என்ற ஒரே பெயரில் வழங்குவதில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருப்பதாக அவர் பிரித்தார். உடலின் இயல்பால் சொல்ல இயலாதது ஒன்று. சமூகத்தில் புழங்கினால் மட்டுமே வாய்ப்பது இன்னொன்று. மூன்றாவது, சொல்ல முடிந்தும் சொல்லப்படாமல் இருப்பது. இரகசியம், அலட்சியம், கேட்பவருக்கு என்ன தெரியாது என்பது சொல்பவருக்குத் தெரியாமை ஆகியவை இந்த மூன்றாம் வகையை உண்டாக்குகின்றன. பட்டறை அறிவில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகை. போலன்யியை மேற்கோள் காட்டுபவர்கள் காலின்ஸைப் படிக்காமல் கடந்துவிடுவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் படித்தால் கட்டுரையின் அழகு கெட்டுவிடும் என்பதும் உண்மை.

இராணுவத்துக்கு இந்த மயக்கம் கிடையாது. பதினெட்டு வயதுப் பையனுக்குக் கை அனுபவம் வரும்வரை போர் காத்திருக்காது என்பதால் அது எழுதியது. எழுதியதோடு நிற்காமல், எப்படி எழுதினால் படிப்பான் என்றும் யோசித்தது. 1951 ஜூனில் தொடங்கிய ‘பி.எஸ்.’ என்ற பராமரிப்பு மாத இதழைச் சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் 1971வரை வடிவமைத்தார். ஹாஃப் மாஸ்ட் மெக்கானிக் என்ற கற்பனை சார்ஜன்ட், படைவீரர்களின் கடிதங்களுக்கு அதில் பதில் சொன்னார். கேள்வி பேச்சு நடையில். பதிலும் பேச்சு நடையில், கிண்டலோடு. கூடவே எதைக் கழற்றும் முன் எதைக் கழற்ற வேண்டும் என்ற படம். அதே இராணுவத்தின் பழுதுநீக்கக் கையேடுகளில் இன்னொரு மரபு. ‘வார்னிங்’ என்று வந்தால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, ‘காஷன்’ என்றால் கருவிக்கு ஆபத்து, ‘நோட்’ என்றால் உதவிக் குறிப்பு. எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் நிற்கும். பின்னால் நின்றால் பயனில்லை அல்லவா. பேச்சுச் செயல் கோட்பாட்டை வகுப்பில் கற்பிப்பவர்கள் ஆஸ்டினின் கப்பலுக்குப் பெயர் சூட்டும் எடுத்துக்காட்டை நூறாவது முறை சொல்வதற்குப் பதிலாக இந்தக் கையேடுகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

பேச்சிலும் இந்த அறிவு வாழ்கிறது. ஜூலியன் ஓர் 1996இல் வெளியிட்ட ‘டாக்கிங் அபௌட் மெஷின்ஸ்’ சிராக்ஸ் நகல் எந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களைப் பற்றிய நூல். மதிய உணவு மேசையில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகளே அவர்களுடைய கையேடு என்று அது காட்டியது. உபரி லாரி வைத்திருப்பவர்களும் அப்படியே பேசுகிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் ‘ஸ்லிப்’ வேறு, ‘ஃப்ளேர்’ வேறு, ‘ஷடர்’ வேறு, ‘ஹன்ட்’ வேறு. கியர் பிடித்த பின்னும் எஞ்சின் வீணாகச் சுற்றுவது முதலாவது. ஒரு கியரை விட்டு அடுத்ததைப் பிடிப்பதற்குள் எஞ்சின் ஓலமிட்டு ஏறுவது இரண்டாவது. பிடிக்கும்போது வண்டி அதிர்வது மூன்றாவது. இரண்டு கியர்களுக்கிடையே முடிவெடுக்க முடியாமல் முன்னும் பின்னும் மாறிக்கொண்டிருப்பது நான்காவது. ஒவ்வொரு சொல்லும் ஒரு நோயறிதல். சொல் தவறினால் தவறான பாகம் கழற்றப்படும்.

கைக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கருகிய ஆயிலின் நாற்றத்தை எந்தக் கையேடும் பக்கத்தில் அச்சிட முடியாது. ஷாஃப்ட் இணைப்பின் அதிர்வையும் கிளட்ச்சின் அதிர்வையும் இருக்கையில் உட்கார்ந்தே பிரித்தறியப் பழக்கம் வேண்டும். ஆனால் அந்த நாற்றத்தைக்கூட ஒருவர் இன்னொருவருக்கு எப்படிக் கற்பிக்கிறார்? குச்சியை மூக்கருகே நீட்டி ‘இதுதான் கருகிய வாசனை’ என்கிறார். ‘இது’ என்ற சுட்டும் ‘கருகிய’ என்ற பெயரடையும் இல்லாமல் அந்த மூக்கு எதையும் கற்றிருக்காது.

இப்போது பூட்டுக்கு வரலாம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, நடுவண் அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எழுதியவற்றுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமை இல்லை என்கிறது. இராணுவக் கையேடுகளின் அட்டையில் விநியோக வாசகம் ஒன்று இருக்கும். ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால் பொதுமக்களுக்குத் தடையின்றி வழங்கலாம்; ‘டி’ இருந்தால் பாதுகாப்புத் துறைக்கும் அதன் ஒப்பந்தக்காரர்களுக்கும் மட்டும். பழைய லாரிகளின் கையேடுகள் பொதுவில் உலவியதால்தான் முன்சொன்ன அட்டவணைகளும் எச்சரிக்கைகளும் விவசாயியின் கொட்டகைவரை வந்து சேர்ந்தன. ஓர் எழுத்து மாறியிருந்தால் அதே விவசாயி அதே லாரிக்கு முன்னால் ‘கைக்குத் தெரியாதவர்’ ஆகியிருப்பார். அவர் கை மாறவில்லை, அட்டை மாறியது.

1990களில் வந்த எஃப்எம்டிவி வரிசை லாரிகளில் கியர்பெட்டியை மின்னணுக் கணினி ஆள்கிறது. மின்னணு வந்ததாலேயே அறிவு மறைந்துவிட்டது என்பது அரைகுறைப் பேச்சு. அந்தக் கியர்த் தேர்வுப் பலகையில் மேலம்பு, கீழம்பு இரண்டையும் ஒருசேர அழுத்தினால், பெட்டி தன் பழுதுக் குறிகளைத் தானே எண்ணாகக் காட்டும். எண்ணுக்குப் பொருள் சொல்லும் பட்டியல் கையில் இருந்தால் பழைய பெட்டியைவிட இதை அறிவது எளிது. எந்திரம் பேசத் தயாராக இருக்கிறது. அகராதியையும், கணினியின் உள்ளமைப்பை மாற்ற உதவும் மென்பொருளையும் யார் வைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. ‘தானியங்கி’ என்ற சொல் இந்தக் கேள்வியை மூடுவதற்கு மிகவும் ஒத்துழைக்கிறது. தானே இயங்குவதற்கு யாருடைய விளக்கம் தேவை?

இது சிவிலியன்களின் தொல்லை மட்டுமன்று. தங்கள் கருவிகளைத் தாங்களே பழுதுபார்க்க ஒப்பந்த விதிகள் தடையாக இருப்பதை அமெரிக்கக் கடற்படைப்பிரிவு அதிகாரி ஒருவர் 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். பழுதுநீக்கும் உரிமையைக் கொள்முதல் ஒப்பந்தங்களில் சேர்க்குமாறு இராணுவத்துக்கு 2025 ஏப்ரல் 30 அன்று ஆணை போனது. உலகின் மிகப்பெரிய இராணுவச் செலவைச் செய்யும் அரசே தன் லாரியைத் திறக்க அனுமதி கேட்கும் நிலை. உற்பத்தியாளர்கள் சொல்லும் வாதம் எப்போதும் ஒன்றுதான்: இது பயிற்சி பெற்ற கைகளுக்கு மட்டுமே உரிய வேலை, கையேட்டைக் கொடுத்தால் ஆபத்து. பழுதுபார்ப்புக் கட்டுப்பாடுகளுக்கு ஆதரவாக நிறுவனங்கள் முன்வைத்த காரணங்களுக்குச் சான்று மிகச் சொற்பம் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2021 மே மாத அறிக்கையில் முடிவுகூறியது. ஆணையத்துக்குத் தெரிந்தது கருத்தரங்குகளுக்குத் தெரியவில்லை. நிறுவனத்தின் வாதத்தையும் ‘உடலில் உறையும் ஞானம்’ என்ற கட்டுரையையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எது வழக்கறிஞர் எழுதியது, எது முனைவர் பட்ட மாணவர் எழுதியது என்று பிரிப்பது கடினம்.

இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது நான்கு துறைகளைக் குறித்தது: வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள். குழுவின் முன் வரவேண்டிய கேள்விகளில் பாதி மொழியியல் கேள்விகள். கையேடு எந்த மொழியில்? எச்சரிக்கை வாக்கியம் எந்த இடத்தில்? பழுதுக் குறிகளின் பட்டியல் யாருக்கு? இந்திய மொழித்துறைகள் இவற்றில் எதைப் பேசின? கலைச்சொல் பட்டியல்கள் உருவாக்கின. ‘டார்க் கன்வர்ட்டர்’ என்பதற்கு ‘முறுக்குவிசை மாற்றி’ என்று ஒரு பெயர்ச்சொல் கண்டுபிடித்துவிட்டுக் குழு கலைந்துபோனது. பட்டறைத் தமிழோ அதற்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. கழித்துவிட்ட வண்டிக்கு ஆங்கிலத்தின் ‘கண்டெம்ன்’ என்ற வினையிலிருந்து ‘கண்டம்’ என்று எடுத்துக்கொண்டு, ‘கண்டம் வண்டி’, ‘கண்டம் பண்ணிட்டாங்க’ என்று பெயரும் வினையுமாகப் புழங்குகிறது. அந்தச் சொல் எந்தப் பட்டியலிலும் ஏறத் தகுதியற்றது என்பது பட்டியல் போடுபவர்களின் தீர்ப்பு.

பழுதுநீக்கும் அறிவு பெயர்ச்சொல்லில் தங்குவதில்லை. அது ‘சறுக்கினால்’, ‘மாறாவிட்டால்’, ‘இழுப்பதற்கு முன்’ ஆகிய எச்சங்களில் தங்குகிறது. தமிழ் வினையின் ‘-ஆல்’ ஈறு சுமக்கும் அறிவின் எடையை அளக்க ஒரு பட்டறையில் பதிவுக் கருவியோடு ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும். கள ஆய்வுக்குப் போகிறவர்கள் ஸ்பானருக்கு என்ன பெயர், ஜாக்கிக்கு என்ன பெயர் என்று சொற்பட்டியல் நிரப்பிக்கொண்டு திரும்புகிறார்கள். மெக்கானிக் பையனிடம் ‘ரிவர்ஸும் ஃபர்ஸ்ட்டும் மட்டும் இழுக்கலைன்னா’ என்று தொடங்கிச் சொன்ன வாக்கியம் பதிவாகவில்லை. பிறகு கட்டுரையில், அவருடைய அறிவு சொல்லில் அடங்காதது என்று எழுதுகிறார்கள். சொன்னார், எழுதிக்கொள்ளப்படவில்லை.

எஃப்எம்டிவி லாரிகளும் கழித்துவிடப்பட்டு ஏலத்துக்கு வருகின்றன. அவற்றில் ஏதோ ஒன்று ஒரு சிற்றூர்த் தீயணைப்புக் கொட்டகையில் நிற்கும்போது, யாரோ ஒருவர் இரண்டு அம்புகளையும் சேர்த்து அழுத்துவார். பலகையில் எண் ஒளிரும். அதன் பொருள் எழுதிய தாள் அந்தக் கொட்டகைக்கு வந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அன்று மாலை அந்தத் தண்ணீர் லாரி இரண்டாம் கியரைத் தாண்டும்.